பாட்டுப் படம் பார்க்கிறோம்; என்ன படிக்கிறோம்?



பாட்டு இல்லாத லயம் எங்கே இருக்கிறது? பிள்ளை பிறந்தால் தாலாட்டு, கண் மூடினால் ஒப்பாரி, மாசி மாதம் காமன் கூத்து, மார்கழியில் பஜனை. கூடையோடு மலை ஏறிய நமது பாட்டிமார் கங்காணியின் கொடுமையைக்கூடப் பாட்டாகத்தான் பாடி வைத்தார்கள். அதனால் "பாட்டுப் பாக்காதே" என்று சொல்லும் பாடம் இல்லை இது. பார்க்கிற பாட்டை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தப் பாடம்.

முன்னே பாட்டு காதுக்கு மட்டும் வந்தது. இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டவர்களுக்கு, பாடியவர் எப்படி நின்றார், கையில் என்ன வைத்திருந்தார் என்பது தெரியாது. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சி வந்தது, 1982 இல் ரூபவாஹினி வந்தது. பிறகு டெக், டிஷ் என்று போய் இன்றைக்குக் கைத்தொலைபேசியில் வந்து நிற்கிறது. பாட்டு இப்போது கண்ணுக்கு வருகிறது.

இதில் என்ன வித்தியாசம்? நாலு வயதுப் பிள்ளைக்குப் பாட்டின் சொல் விளங்காது. ஆனால் கதாநாயகன் சிகரட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பதையும், போத்தலை ஆட்டிக்கொண்டு ஆடுவதையும் அது அப்படியே செய்து காட்டும். நாமும் "பாருங்க, எப்பிடி ஆடுறான்!" என்று கை தட்டுவோம். சொல்லைப் படிக்கும் முன்பே பிள்ளை சைகையைப் படித்துவிடுகிறது.

ஆகையால் ஒரு பாட்டுப் படத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாம் கேள்வி: பாட்டு முடிந்த பிறகு குடித்தவருக்கு என்ன ஆனது?

2011 நவம்பரில் "கொலவெறி" என்ற பாட்டு வெளியானது. தனுஷ் பாடினார், அனிருத் இசை அமைத்தார். '3' என்ற படத்துக்காகச் செய்த பாட்டு. படம் வந்தது 2012 இல். தமிழ் தெரியாத நாடுகளில்கூட அதைப் பாடினார்கள். பாட்டின் கதை சின்னது: ஒரு பெண் ஒருவனை வேண்டாம் என்கிறாள், அவன் கையில் கிளாஸும் கண்ணில் கண்ணீருமாகப் புலம்புகிறான். இப்படிப்பட்ட பாட்டுகளுக்கு "சூப் பாட்டு" என்றே பெயர் வந்துவிட்டது. காதல் தோற்றால் குடிக்க வேண்டும், குடித்தால் பாட வேண்டும் என்பது சினிமாவில் ஒரு வழக்கமாகிவிட்டது.

2023 ஜூனில் 'லியோ' படத்தின் "நா ரெடி" பாட்டு வந்தது. விஜய் வாயில் சிகரட்டோடு வந்தார். போதையைப் பெருமைப்படுத்துகிறது என்று சென்னையில் முறைப்பாடு செய்தார்கள். பிறகு புகைத்தல் தீங்கு என்ற எச்சரிக்கையை அந்தக் காணொளியில் சேர்த்தார்கள். எழுத்து சின்னது, விஜய் பெரியவர். பிள்ளை எதைப் பார்க்கும்?

நமது நாட்டில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படிதான் புகையிலைக்கும் மதுசாரத்துக்குமான தேசிய அதிகாரசபை அமைந்தது. சாராயத்துக்கும் சிகரட்டுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தொலைக்காட்சியில் படம் பார்க்கும்போது சிகரட்டும் போத்தலும் வருகிற இடத்தை மறைத்துக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் பிள்ளையின் கையில் இருக்கும் போனில் மறைப்பு ஒன்றும் கிடையாது. அங்கே மறைக்க வேண்டியதும், விளக்கிச் சொல்ல வேண்டியதும் தாயும் தகப்பனும்தான்.

பாட்டு எதை விட்டுவிடுகிறது என்று கவனியுங்கள். போத்தலுக்குக் காசு கொடுத்தது யார் என்று காட்டுவதில்லை. குடித்தவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும்போது பிள்ளைகள் எழும்பி மூலையில் ஒதுங்குவதைக் காட்டுவதில்லை. அடுத்த நாள் பிரட்டுக்குப் போகாமல் ஒரு பேர் போனதைக் காட்டுவதில்லை. அடகுக்கடைச் சீட்டைக் காட்டுவதில்லை. நாலு நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

"கவலைய மறக்கத்தான் குடிக்கிறேன்" என்பார்கள். மதுசாரம் மூளையின் வேலையை மந்தமாக்கும் பொருள். முதலில் மனம் இலேசானது போல இருக்கும். பிறகு தூக்கம் கெடும்; விடிந்தால் முன்பைவிடக் கவலை கூடும். கூடியதை மறக்க இன்னும் குடிப்பார். இதுதான் வட்டம். உடம்புக்குக் கேடில்லாத அளவு என்று மதுசாரத்தில் ஓர் அளவு இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. கசிப்பு இன்னும் மோசம். அதில் மெத்தனால் கலந்திருந்தால் கண் பார்வை போகும், உயிரும் போகும்.

ஒரு முக்கியமான விஷயம். பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை கால் நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு பயப்படுதல் வரலாம். அதைப் பார்த்துவிட்டு "அவருக்கு ஒரு வாய் குடுத்தாத்தான் சரியாகும்" என்று திரும்பவும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே மருந்து உண்டு. குடி விடுவது மனவுறுதியால் மட்டும் ஆவதில்லை, வைத்தியமும் வேண்டும்.

இரண்டாம் கேள்வி: பாட்டில் பெண்ணுக்கு என்ன வேலை?

நாவலப்பிட்டியில் 1917 இல் பிறந்தவர் எம்.ஜி.ஆர். மலையகத்தில் அவர் படம் மாட்டாத லயம் ஒரு காலத்தில் அபூர்வம். 1968 இல் வந்த 'ஒளிவிளக்கு' படத்தில், குடித்து நிற்கும் கதாநாயகனை அவரது மனச்சாட்சியே பல உருவம் எடுத்து வந்து கேள்வி கேட்கும் ஒரு பாட்டு உண்டு. குடியைப் பற்றி அவ்வளவு நேராகப் பேசிய பாட்டு குறைவு. ஆனால் அதற்கு முந்திய வருஷம், 1967 இல், அதே எம்.ஜி.ஆரின் 'விவசாயி' படத்தில் பெண் எப்படி உடுத்த வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிற பாட்டும் உண்டு. ஒரே கதாநாயகன்தான். ஆணிடம் மனச்சாட்சி பேசுகிறது, பெண்ணிடம் ஆண் பேசுகிறார். நல்ல பாட்டு தந்தவர் என்பதற்காக எல்லாப் பாட்டையும் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டியதில்லை.

இனிப் புதுப் பாட்டுக்கு வருவோம். ஹிப்ஹாப் தமிழா ஆதியின் "கிளப்புல மப்புல" என்ற பாட்டு 2011, 2012 காலத்தில் இணையத்தில் பரவியது. குடிக்கிற பெண்களை ஏசுகிற பாட்டு. பெண்ணை இழிவுபடுத்துகிறது என்று பலர் அதைக் கண்டித்தார்கள். அதையும் "கொலவெறி"யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண் குடித்தால் அது சோகம், அவனுக்காக நாம் இரக்கப்பட வேண்டும். பெண் குடித்தால் அது கலாசாரச் சீரழிவு, அவளை ஏச வேண்டும்.

இது பாட்டில் மட்டும் இருக்கிற கணக்கு என்று நினைக்காதீர்கள். நமது நாட்டில் 1979 இல் கொண்டுவந்த மதுவரி ஒழுங்குவிதி ஒன்று பெண்ணுக்கு மதுசாரம் விற்கத் தடை போட்டது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். பெண்களும் குடிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. குடி கெட்டது என்றால் இரண்டு பேருக்கும் கெட்டதுதானே? ஈரல் ஆண் பெண் பார்த்துக் கெடுகிறதா?

இன்னொன்று. பாட்டுகளில் ஆண் பெண்ணின் பின்னால் சுற்றுகிறான். அவள் முறைக்கிறாள், ஏசுகிறாள், ஓடுகிறாள். மூன்றாவது சரணத்தில் சிரித்துவிடுகிறாள். இதைப் பத்து வயதிலிருந்து பார்க்கிற பையன் என்ன படிப்பான்? "வேணாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம்" என்று படிப்பான். ஆனால் ஸ்கூலுக்குப் போகிற நம்ம வீட்டுப் பிள்ளையின் பின்னால் ஒருவன் அப்படி வந்தால் நமக்குப் பாட்டா வருகிறது? பயம்தானே வருகிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் செய்த திருத்தத்தின் பிறகு, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் பொருள். இதை மகளுக்குச் சொல்வதைவிட மகனுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

பாட்டில் வராத பெண் ஒருத்தி இருக்கிறாள். விடிய நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்து, வந்து விறகு பொறுக்கி, ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவள். அவளுடைய சம்பளத்தை வாங்கப் போகிறவர் சில வீடுகளில் இன்னும் புருஷன்தான். "ஆம்பள கையில காசு இருந்தாத்தான் மரியாத" என்கிறார்கள். அந்தக் காசு தவறணைக்குப் போகிற வழியில் எந்த மரியாதை நிற்கிறது?

மூன்றாம் கேள்வி: யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியை நமது வீடுகளில் பேசுவது குறைவு. அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பல படங்களிலும் பாட்டுகளிலும் ஒருவர் வருவார். ஆணாகப் பிறந்தவர் என்பார்கள். நடை, பேச்சு பெண் மாதிரி இருக்கும். அவர் வந்தாலே பின்னணியில் ஒரு கேலி இசை. கதாநாயகன் முகத்தைச் சுளிப்பார். நாமும் சிரிப்போம். 2015 இல் வந்த ஷங்கரின் 'ஐ' படத்தில் ஒரு திருநங்கைப் பாத்திரத்தை இப்படிக் கேலி செய்தார்கள் என்று சென்னையில் திருநங்கைகள் ஒன்றுகூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். "எங்களப் பாத்து ஊர் சிரிக்கிறதுக்கு இந்தப் படங்கள்தான் பழக்கிக் குடுக்குது" என்பது அவர்களுடைய வருத்தம்.

சொற்களை முதலில் விளங்கிக்கொள்வோம். ஆண் குழந்தை என்று வளர்க்கப்பட்டு, தான் பெண் என்று உள்ளுக்குள் அறிந்தவர் திருநங்கை. பெண் குழந்தை என்று வளர்க்கப்பட்டு, தான் ஆண் என்று அறிந்தவர் திருநம்பி. ஆணுக்கு ஆண் மீதும் பெண்ணுக்குப் பெண் மீதும் வருகிற அன்பைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். இவை மூன்றும் வேறு வேறு. லயத்தில் நாம் கூப்பிடுகிற "ஒம்பது", "பொட்ட" என்ற சொற்கள் இவர்களைக் காயப்படுத்த மட்டுமே உதவும்.

இது புதுசாக வந்த நாகரிகம் என்று சிலர் சொல்வார்கள். மாசி மாதம் நமது தோட்டத்தில் காமன் கூத்து நடக்கிறது. ரதி வேஷம் கட்டுகிறவர் பெரும்பாலும் ஆண்தான். சேலை கட்டி, பூ வைத்து, மன்மதன் எரிந்த பிறகு அவர் அழுகிற அழுகையில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுகிறோம். யாரும் சிரிப்பதில்லை. தபசு மரம் ஏறுகிற அருச்சுனன்தான் விராட நாட்டு அரண்மனையில் பிருகன்னளை என்ற பெயரில் பெண் உடுப்போடு நடனம் சொல்லிக் கொடுத்தான். கூத்தில் கும்பிடுகிறதை வாசலில் கண்டால் கல்லெறியலாமா?

இது நோய் என்றும் சிலர் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 ஆம் திகதி தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் திருநங்கை, திருநம்பியரின் உரிமையை ஏற்றது; 2018 செப்டம்பரில் தன்பாலீர்ப்பு குற்றமாகாது என்று தீர்ப்புச் சொன்னது. நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. இதைக் குற்றமாக எழுதி வைத்ததும் அதுதான். அதை மாற்றுவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் ஆகாது என்று 2023 மே மாதம் இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது.

2021 இல் "மகிழினி" என்ற தமிழ்ப் பாட்டுப் படம் ஒன்று வந்தது. கௌரி கிஷனும் அனகாவும் நடித்தார்கள். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் நேசிக்கிற கதை. அதில் கேலி இசை இல்லை. பார்த்தவர்களில் சிலர் அழுதார்கள், சிலர் கோபப்பட்டார்கள். "இதப் பாத்து நம்ம புள்ளைகளும் கெட்டுப் போயிருமே" என்று கேட்ட பெற்றோரும் உண்டு.

நியாயமான கேள்விதான். பாட்டைப் பார்த்துக் குடி பழகலாம் என்றால், பாட்டைப் பார்த்து இதுவும் பழகுமா? பழகாது. குடி ஒரு பழக்கம். பார்த்து, ருசித்து, திரும்பத் திரும்பச் செய்து வருவது. ஒருவர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணர்வதும், யார் மீது மனம் போகிறது என்பதும் அப்படி வருவதில்லை. ஆயிரம் ஆண் பெண் காதல் பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஆயிரம் பாட்டும் அவர்களை மாற்றவில்லை. ஆனால் கேலி செய்வது பழக்கம். அதைப் பாட்டிலிருந்து நன்றாகவே படிக்கிறோம்.

லயத்தின் ஒரு காம்பராவில் எல்லாரும் உட்கார்ந்து பாட்டுப் பார்க்கிறோம். கேலி வருகிறது. தகப்பன் சிரிக்கிறார், அண்ணன் சிரிக்கிறான். ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சிரிப்பிலிருந்து அது ஒரு முடிவுக்கு வருகிறது: "என்னப் பத்தி இவங்ககிட்ட சொல்லக் கூடாது." பிறகு சொல்லாமல் கொழும்புக்குப் பஸ் ஏறுகிற பிள்ளைகள் உண்டு. அதைவிட மோசமான முடிவு எடுக்கிறவர்களும் உண்டு. அவசரமாக ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும் என்று நினைப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுப்பதாகும். மந்திரித்தாலும் அடித்தாலும் மாறாது. "நீ எங்க புள்ளதான்" என்ற ஒரு சொல் அந்தப் பிள்ளையின் உயிரைக் காக்கும்.

மூன்று கேள்விக்கும் ஒரே வேர்

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். குடிக்காத பையனைக் கூட்டாளிமார் என்ன சொல்லிக் கேலி செய்கிறார்கள்? "நீயெல்லாம் ஆம்பளயா?" வீட்டில் மனைவிக்குப் பாத்திரம் கழுவிக் கொடுப்பவரை என்ன சொல்கிறார்கள்? "பொண்டாட்டிக்குப் பயந்தவன்." மென்மையாகப் பேசுகிற பையனை என்ன சொல்கிறார்கள்? அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

ஆண் என்றால் குடிக்க வேண்டும், அதட்ட வேண்டும், அழக் கூடாது என்று பாட்டு ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறது. அந்தச் சட்டை பொருந்தாதவரும் அதைப் போட்டுக்கொண்டு திரிகிறார். அதனால் மகன் தவறணைக்குப் போகிறான், மருமகள் அடி வாங்குகிறாள், வித்தியாசமான பிள்ளை வீட்டை விட்டுப் போகிறது. மூன்று துன்பத்துக்கும் அந்த ஒரே சட்டைதான் காரணம்.

வேறு மாதிரியும் பாட்டு செய்யலாம். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடிய "என்ஜாய் எஞ்சாமி" வந்தது. அதில் போத்தல் இல்லை, பெண்ணின் பின்னால் சுற்றுதல் இல்லை. ஆனாலும் உலகமே ஆடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். 1964 இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஆட்கள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. பிரிந்த குடும்பங்கள் நம் எல்லாருடைய பரம்பரையிலும் உண்டு. பேரன் அந்தப் பாட்டியையே பாட்டுப் படத்தில் உட்கார வைத்தார். உழைத்த ஒரு கிழவியைப் பார்த்துக் கோடிக்கணக்கானோர் கை தட்டினார்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. இந்தக் கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பாருங்கள். ஏசாமல் பாருங்கள். முடிந்ததும் மூன்று கேள்வியையும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

2. பாட்டுக்கு ஐந்தாம் நிமிஷம் ஒன்று இருந்தால் அதில் என்ன நடக்கும்? பிள்ளைகளைக் கதை சொல்லச் சொல்லுங்கள்.

3. ஒரு கால்போத்தல் என்ன விலை? அதற்கு எத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும்? ஒரு மாதக் கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்து கடதாசியில் எழுதுங்கள்.

4. ஒரு கிழமைக்கு "ஆம்பள வேல, பொம்பள வேல" என்று பிரிக்காமல் வீட்டு வேலையைப் பங்கு போட்டுப் பாருங்கள்.

5. உங்கள் லயத்தில் கேலிப் பெயரால் அழைக்கப்படுகிறவர் யாராவது உண்டா? அவருடைய சொந்தப் பெயர் என்ன? இனி அந்தப் பெயரால் கூப்பிடுங்கள்.

உதவி தேவைப்பட்டால் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ பேசுங்கள். போனில் பேச விரும்பினால் சிறுவர் உதவிக்கு 1929, பெண்கள் உதவிக்கு 1938, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்கள் உண்டு.